கோடியக்கரையின் அரிய பறவைகள்: யார் பார்த்தது, யார் நம்புவது?

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. ஆனால் சமுத்திரம் என்று பெயர் கொண்ட ஏரி ஒன்று உண்டு. நல்ல மழை பெய்த வருடங்களில் அதில் கொக்கும் நீர்க்காகமும் நாமக்கோழியும் வந்து இறங்கும். மலையைச் சுற்றி வருகிற கூட்டத்தில் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் ஒரு நாள் காலையில் ஓடி வந்து, "இந்த ஊரில் இதுவரை யாருமே பார்க்காத ஒரு பறவையை இப்போதுதான் பார்த்தேன்" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பறவை பறந்து போய்விட்டது. கூட யாரும் இல்லை. படமும் எடுக்கவில்லை. அவர் சொல்வதை நம்புவதா, வேண்டாமா?

கேட்பதற்கு விளையாட்டாகத் தெரியும். ஆனால் பறவையியலின் வரலாற்றில் பெரிய சண்டைகள் பலவும் இந்தக் கேள்வியில் இருந்து கிளம்பியவைதான். அதிலும் கடற்கரைகளில்தான் இந்தச் சண்டை அதிகம். வலசை போகும் பறவைகளில் பல, கரையை ஒட்டித்தான் வழி பிடித்துப் பறக்கின்றன. புயலில் சிக்கித் திசை தவறியவையும் முதலில் கண்ணில் பட்ட கரையில்தான் இறங்கும். ஆகவே "அபூர்வமான பறவை" என்ற பேச்சு எழும் இடங்களில் முதல் இடம் கடலோரத்துக்குத்தான்.

தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கு மிகவும் பேர் போன இடம் கோடியக்கரை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது இந்த ஊர். தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையில் இருந்து தெற்கே இறங்கி வருகிற கரை இந்த இடத்தில் சட்டென்று மேற்கே மடங்கிவிடும். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. 'கோடி' என்ற பெயருக்கு வேறு விளக்கமே வேண்டாம். இங்குள்ள கோடிக்குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர், கடலோரத்தில் இப்படித் தனியாக இருக்கிறாயே என்று சுவாமியிடமே கேட்கிறார். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியும் கலங்கரை விளக்கமும் நினைவுக்கு வரும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் இடிபாடு 2004 சுனாமியில் அழிந்துபோனது.

மனிதர்களுக்கு இது நிலம் முடிகிற இடம். பறவைகளுக்கோ பயணம் முடிகிற இடம். காட்டை ஒட்டி மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் பரந்து கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. முழங்கால் அளவு தண்ணீர், அடியில் சேறு, சேற்றுக்குள் புழுவும் பூச்சியும் சின்னச் சின்ன இறாலும். சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடும் முன் கிளம்பி வருகிற உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் இதைவிட நல்ல சாப்பாட்டு மேசை கிடைக்காது. பூநாரைகளும் ஆயிரக்கணக்கில் வரும். இதுவரை 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

வலசைப் பறவையைப் பார்த்து எழுதி வைப்பது வெள்ளைக்காரன் வந்து கற்றுக் கொடுத்த வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். குளிரில் நடுங்கிக்கொண்டு மதுரையில் கிடக்கும் புலவர், தெற்கே குமரித்துறையில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் சிவந்த கால் நாரையிடம், வழியில் என் ஊரில் இறங்கி என் மனைவியிடம் என் நிலையைச் சொல் என்று கேட்கிறார். காலின் நிறம், அலகின் வடிவம், போகும் திசை, திரும்பும் திசை எல்லாமே அதில் இருக்கின்றன. இந்தக் காலத்துப் பறவை ஆர்வலர் தன் குறிப்பேட்டில் எழுதுவதும் ஏறக்குறைய இதைத்தான். இப்போது அந்தச் செங்கால் நாரை தமிழ்நாட்டில் எப்போதாவது மட்டுமே கண்ணில் படுகிறது. புலவரின் வறுமையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவர் பறவையை எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

சரி, மறுபடியும் நம்முடைய கேள்விக்கு வருவோம். ஒருவர் பார்த்தேன் என்கிறார். நம்புவது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதற்கு வைத்திருந்த விடை ரொம்பச் சுலபமானது: சுடு. சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் ஊர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்பு. அப்புறம் யார் சந்தேகப்பட முடியும்? இந்தியப் பறவைகளைப் பற்றிய ஆரம்ப கால அறிவு பெரும்பாலும் இப்படிச் சேர்ந்ததுதான். தொலைநோக்கி சரியாக இல்லாத காலம் அது.

ஆனால் செத்த பறவை பொய் சொல்லாது என்று நம்பியவர்களுக்கு இங்கிலாந்தின் தென் கடற்கரையில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரைச் சுற்றிய சிறிய கரைப் பகுதியில் 1892 முதல் 1930 வரை அபூர்வமான பறவைகளாகவே வந்து விழுந்தன. பிரிட்டனில் அதற்கு முன் யாருமே பார்த்திராத இனங்கள்கூட அங்கே 'சுடப்பட்டன'. ஏறக்குறைய எல்லாமே ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற ஒரே பாடம் செய்பவரின் கடை வழியாகத்தான் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. பணக்காரச் சேகரிப்பாளர்கள் உள்ளூரில் கிடைத்த அபூர்வப் பறவைக்கு நல்ல விலை கொடுத்த காலம். அதே பறவை வெளிநாட்டில் கிடைத்தது என்றால் விலை கிடையாது. ஹாரி விதர்பி போன்றவர்களுக்கு 1916லேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் 1962ல்தான் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழ் விஷயத்தை வெளிப்படையாகப் போட்டு உடைத்தது. ஜான் நெல்டர் என்ற புள்ளியியலாளர், அதே காலத்தில் பக்கத்துப் பகுதிகளில் கிடைத்த பதிவுகளோடு ஹேஸ்டிங்ஸ் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். இயற்கையாக அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று கணக்கு சொன்னது. வெளிநாட்டில் கொன்ற பறவைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே சுட்டதாக விற்றிருக்கிறார்கள் என்பதுதான் சந்தேகம். 29 இனங்களும் துணை இனங்களும் பிரிட்டன் பறவைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீக்கப்பட்ட இனங்களில் பலவும் பிற்காலத்தில் உண்மையாகவே பிரிட்டனுக்கு வந்து, ஒழுங்கான பதிவுகளோடு மறுபடியும் பட்டியலில் சேர்ந்துகொண்டன. பறவைகள் மேல் எந்தத் தப்பும் இல்லையே!

இந்தியாவும் தப்பவில்லை. ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹேகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பறவையியலில் பெரிய பெயர் எடுத்தவர். சாலிம் அலியே 1937ல் அவரோடு ஆப்கானிஸ்தானுக்குப் பறவை ஆய்வுப் பயணம் போயிருக்கிறார். அந்த மனிதர் அருங்காட்சியகங்களில் இருந்து பறவைத் தோல்களைத் திருடி, சீட்டை மாற்றி, தானே சேகரித்ததாக எழுதி வைத்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் முழுமையாக வெளியே வந்தது. காட்டுச் சிறு ஆந்தையின் கதை அதில் ஒன்று. அதை 1914ல் குஜராத்தில் பிடித்ததாக அவர் சொல்லியிருந்தார். உண்மையில் அது 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் சேகரித்த பழைய தோல். பொய்ச் சீட்டை நம்பித் தேடியவர்கள் ஆந்தை இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். பமீலா ராஸ்முசென் அந்த மோசடியைக் கண்டுபிடித்து, பழைய உண்மையான சீட்டுகளில் இருந்த ஊர்களுக்குப் போனார். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அது எங்கேயும் போகவில்லை. ஒரு பொய்ச் சீட்டு எவ்வளவு தூரம் வழி தவற வைக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்தப் பின்னணியோடு கோடியக்கரைக்குத் திரும்பினால்தான் அங்கே நடந்த வேலையின் அருமை புரியும். அது ஆரம்பித்ததோ ஒரு காய்ச்சலில்.

1957ல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. புனேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையம் கிருமியைக் கண்டுபிடித்தது. உண்ணிகள் வழியாகப் பரவும் அந்த வைரஸ், ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. சைபீரியாவில் இருந்து வருகிற பறவைகள் உடம்பில் உண்ணிகளைச் சுமந்துகொண்டு வந்து நோயை இறக்கியிருக்குமோ? கண்டுபிடிக்க வேண்டும் என்றால் பறவைகளை உயிரோடு பிடித்து உண்ணி எடுக்க வேண்டும். எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. 1959ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் பறவைகளுக்கு வளையம் இடும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. 1883ல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்துக்கு அப்படி ஒரு வேலைக்குப் பல வருடங்களாகப் பணம் கிடைக்காமல் இருந்தது. காய்ச்சல் வந்துதான் பணம் வந்தது.

பறவைகள் அந்த நோயைக் கொண்டு வந்தன என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வளையம் இடும் வேலை நிலைத்துவிட்டது.

வளையம் என்றால் வேறொன்றுமில்லை. மெல்லிய அலுமினியத் துண்டு. அதில் ஒரு எண்ணும், பம்பாய் கழகத்துக்குத் தெரிவியுங்கள் என்ற சுருக்கமான ஆங்கில வாசகமும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வலையைக் கம்புகளில் கட்டி வைப்பார்கள். சிக்கிய பறவையை எடுத்து, இனம் பார்த்து, இறக்கையின் நீளம் அளந்து, எடை போட்டு, காலில் வளையத்தை மாட்டி விட்டுவிடுவார்கள். சில நிமிட வேலை. அந்தப் பறவை என்றாவது ஒரு நாள் வேறொரு நாட்டில் மாட்டினாலோ சுடப்பட்டாலோ செத்துக் கிடந்தாலோ, கையில் எடுத்தவர் ஒரு கடிதம் போட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். சோவியத் யூனியனின் வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்துகளின் வளையங்களில் இருந்து அப்படி நிறையச் செய்தி கிடைத்தது. பதிலுக்கு அங்கே வளையம் இட்ட பறவைகள் இங்கே கிடைத்தன. பனிப்போர்க் காலத்தில் தூதரகங்களுக்கு நடுவே கடிதம் போவதற்கே யோசித்த நாட்களில் உள்ளான்களும் வாத்துகளும் பாட்டுக்குத் தபால் சேவை நடத்திக்கொண்டிருந்தன.

பறவை பிடிப்பது படித்தவர்களுக்கு அவ்வளவு சுலபமாக வரக்கூடிய கலை இல்லை. பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். வலை, கண்ணி, மூங்கில், பறவையின் குரலைப் போலவே குரல் கொடுப்பது என்று எல்லா வித்தையும் தெரிந்தவர்கள். அவர்களைத்தான் கழகம் வேலைக்கு எடுத்தது. ராஜஸ்தானின் பரத்பூரிலும் நம்முடைய கோடியக்கரையிலும் சேற்றில் இறங்கி வலை கட்டியவர்கள் இவர்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஆசிரியர் பெயர்களில் இவர்களைத் தேடினால் கிடைக்காது. ஆனால் ஒரு பறவையைச் சிறகு ஒடியாமல் கையில் எடுக்கத் தெரிந்தவர் இல்லாமல் ஒரு வளையம்கூட ஏறியிருக்காது.

கோடியக்கரையின் மதிப்பை 1960களின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னவர் சாலிம் அலி. 1967ல் அரசு அதை வனவிலங்குச் சரணாலயம் ஆக்கியது. அதுவும் முக்கியமாக வெளிமான்களுக்காக. பறவைகள் பின்னால் ஒட்டிக்கொண்டன என்றுதான் சொல்ல வேண்டும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வளையம் இடும் முகாம்கள் அங்கே நடந்தன.

அப்போது மறுபடியும் ஒரு நம்பிக்கைப் பிரச்சினை வந்தது. இந்த முறை சந்தேகம் பறவையின் மேல் இல்லை, பறவை பிடிப்பவர்கள் மேல். ஆசியா முழுவதும் வலசைப் பறவைகளை ஆராய்ந்த ஒரு திட்டத்துக்கு அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்தது. பம்பாய் கழகமும் அதோடு சேர்ந்து வேலை செய்திருந்தது. பறவைகள் வழியாக நோய்க் கிருமிகளைப் பரப்ப முடியுமா என்று அமெரிக்கா பார்க்கிறதா என்று 1970களின் நடுவில் பத்திரிகைகள் எழுதின. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1975ல் வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஆய்வுகளைப் பற்றிக் கடுமையான அறிக்கை கொடுத்தது. பறவைத் திட்டமும் அதில் மாட்டிக்கொண்டது. சாலிம் அலிக்கு இது பெரிய மனவருத்தம். குழு கேட்ட கேள்வியைத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ராணுவம் எதற்காக உள்ளானின் முகவரியைக் கேட்கிறது என்று எந்த நாடும் கேட்கத்தான் செய்யும். கழகம் தன் பக்கத்தில் மறைக்க ஒன்றும் இல்லை என்று சொன்னது. எப்படியோ, இடையில் தொய்வு விழுந்த வேலை 1980ல் பரத்பூரிலும் கோடியக்கரையிலும் புதிதாகத் தொடங்கியது.

அந்த இரண்டாம் சுற்றில்தான் இந்தக் கரையின் மிக அரிய பறவை கதைக்குள் வருகிறது.

கரண்டிமூக்கு உள்ளான். உள்ளங்கையில் அடங்கிவிடும். எடை 30 கிராம் பக்கம். அதாவது ஒரு சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் கூட. அலகின் நுனி மட்டும் தட்டையாக, சின்ன உப்புக் கரண்டி மாதிரி விரிந்திருக்கும். உலகத்தில் வேறெந்த உள்ளானுக்கும் இப்படி இல்லை. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுகோட்கா கடலோரத்தில் குஞ்சு பொரிக்கிறது. குளிருக்குத் தெற்கே வருகிறது.

இதன் பதிவு வரலாறே ஒரு தப்பில்தான் தொடங்குகிறது. 1758ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், இது வாழும் இடம் தென் அமெரிக்காவின் சுரினாம் என்று எழுதி வைத்தார். பூமியின் மறுபக்கம்! யாரோ எங்கோ கொடுத்த தோல், யாரோ சொன்ன ஊர். இங்கே மோசடி எதுவும் இல்லை, வெறும் கைமாற்றுக் குழப்பம்தான். ஆனால் பறவையின் கூடு எங்கே என்பது தெரிய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இதை அடையாளம் காண்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இப்படி யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் இதன் நிறம் மேலே சாம்பல், கீழே வெள்ளை. கொசு உள்ளானும் அதே நிறம், கிட்டத்தட்ட அதே அளவு. கோடியக்கரையில் கொசு உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் கலந்து மேயும். கரண்டி தெரிய வேண்டுமானால் பறவை உங்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அந்த அலகு சாதாரண அலகு மாதிரித்தான் தெரியும். போதாததற்கு வெயில் ஏறினால் சேற்றின் மேல் கானல் ஆடும். அலகில் ஒரு உருண்டை சேறு ஒட்டியிருந்தால் கொசு உள்ளானும் கரண்டிமூக்கு ஆகிவிடும். பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு யோக்கியமானவராக இருந்தாலும், கேட்கிறவர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

ஆனால் வளையம் இடும் முகாம் நடக்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே இருப்பவர்கள் மாதக்கணக்கில் தினமும் அதே சேற்றையும் அதே கூட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆயிரக்கணக்கான உள்ளான்களைக் கையிலேயே எடுத்து அளந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஆர். சுகதன் கோடியக்கரையில் இந்தப் பறவையைக் கவனித்து எழுதிய குறிப்பு 1985ல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. அது வெறும் 'ஒரு நாள் பார்த்தோம்' ரகக் குறிப்பு இல்லை. குளிர்காலத்தைக் கழிக்கும் இடமாகவே கோடியக்கரையை அது சொன்னது. வழி தவறி வந்த விருந்தாளி என்பதற்கும் வருடாவருடம் தங்க வருகிற வீட்டுக்காரர் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அப்போது அந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. காவிரியின் கடைமடை என்றால் நெல்லைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த மாவட்டத்தில், சுகோட்காவில் பிறந்த ஒரு பறவையும் குடியிருப்பு வைத்திருந்திருக்கிறது.

2002 ஆகஸ்டில் கோடியக்கரை ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். தமிழ்நாட்டில் முதலாவது அதுதான். இருபது வருடம் அது ஒன்றே ஒன்றாகவும் இருந்தது. அந்த அறிவிப்புக் குறிப்பில் அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளுக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று இந்தக் கரண்டிமூக்கு உள்ளான். ஒரு கடற்கரைக்கு உலக அளவில் மரியாதை கிடைக்க, முப்பது கிராம் பறவையும் ஒரு சாட்சி.

இன்று கோடியக்கரைக்குப் போகிறவர் எதிர்பார்த்துப் போகக்கூடிய பறவையாக அது இல்லை.

என்ன நடந்தது? பாதிப் பதில் வெளிநாடுகளில் இருக்கிறது. சுகோட்காவில் இருந்து கிளம்பும் பறவை வழியில் இளைப்பாறுவது மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகளில். சீனாவும் தென் கொரியாவும் பல ஆண்டுகளாக அந்தச் சேற்றைத் தூர்த்து நிலமாக்கின. கொரியாவின் சேமங்கும் என்ற இடத்தில் 2006ல் கடலுக்குக் குறுக்கே 33 கி.மீ. நீளச் சுவரையே கட்டி முடித்தார்கள். மியான்மரிலும் வங்கதேசத்திலும் ஏழைக் கரையோர மக்கள் வலை வைத்து உள்ளான் பிடித்தார்கள். 2010ஐ ஒட்டி எடுத்த மதிப்பீட்டில் உலகம் முழுவதும் 200 இணைகள்கூடத் தேறவில்லை. 2011ல் சுகோட்காவில் இருந்து கொண்டுவரப்பட்டு இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் ஒரு கூட்டம் வளர்க்கப்பட்டது. பிறந்த மண்ணிலேயே குஞ்சுகளைப் பாதுகாத்து வளர்த்து, காலில் எழுத்து பொறித்த சிறிய பிளாஸ்டிக் கொடி கட்டிப் பறக்க விடுவதும் நடந்தது. 2019ல் மஞ்சள் கடலின் சீனக் கரைப் பகுதிகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மீதிப் பதில் உள்ளூரில். சதுப்புக்கு உயிர் கொடுத்தது கடல் தண்ணீர் மட்டும் இல்லை, காவிரியின் கடைசி வாய்க்கால்கள் கொண்டுவந்து கொட்டிய நல்ல தண்ணீரும்தான். அது வருடத்துக்கு வருடம் குறைந்தது. தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறும். உப்பு ஏறினால் சேற்றில் புழு குறையும். இன்னொரு பக்கம் உப்பளங்கள் பெருகின. வேதாரண்யம் உப்புக்குத் தனிப் பெருமை உண்டு. 1930ல் ராஜாஜி திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. அந்த உப்பைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வராது. ஆனால் ராம்சர் குறிப்பே கவலைக்குரியவை என்று சொல்லும் விஷயங்களில் உப்பளங்களின் விரிவால் உவர்ப்பாகும் நிலத்தடி நீரும், குறையும் நன்னீர் வரத்தும், சீமைக் கருவேலமும் இருக்கின்றன. அதே குறிப்பு, இந்த ஈரநிலத்தைச் சுற்றி சுமார் 35,000 மீனவர்களும் விவசாயிகளும் பிழைப்பு நடத்துகிறார்கள் என்றும் சொல்கிறது. ஆகவே 'பறவைக்காக எல்லாவற்றையும் நிறுத்து' என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம், அங்கே போய்ச் சொல்வது கஷ்டம். போதாக்குறைக்கு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. காடு மொட்டையாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பறவை வருவதை நிறுத்திவிட்டது என்று சொல்வதற்கு, அது முன்பு வந்தது என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். 1980களின் குறிப்புகள் இல்லாமல் இருந்திருந்தால், கரண்டிமூக்கு உள்ளான் இங்கே இல்லாமல் போனது ஒரு இழப்பாகவே யாருக்கும் தோன்றியிருக்காது. ஹேஸ்டிங்ஸில் வராத பறவை வந்ததாக எழுதினார்கள். அதற்கு நேர் எதிரான தப்பு, வந்த பறவையை யாரும் எழுதாமல் விடுவது. தமிழ்நாட்டின் எத்தனையோ கழிமுகங்களில் நடந்தது இரண்டாவதுதான். திருவண்ணாமலைக்குக் கிட்டத்தில் உள்ள பெரிய கடலோர ஈரநிலம் மரக்காணம் பக்கத்துக் கழுவேலி. அது பறவைகள் சரணாலயம் ஆனதே 2021 டிசம்பரில்தான். ஐம்பது வருடத்துக்கு முன் அங்கே என்னென்ன வந்தன என்று கேட்டால், கோடியக்கரைக்கு இருப்பது போல அடுக்கி வைத்த ஏடுகளைத் தேடி எடுக்க முடியாது.

கோடியக்கரையில் பல பத்தாண்டுகள் வளையம் இட்ட எஸ். பாலச்சந்திரன், துகினா கட்டி, ரஞ்சித் மனக்காடன் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய 'இந்தியப் பறவை வலசை வரைபட நூல்' 2018ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1959ல் ஒரு காய்ச்சலுக்காகத் தொடங்கிய வேலையின் கணக்கு அது.

இப்போது காலம் மாறிவிட்டது. வலை கட்ட அனுமதி வாங்க வேண்டாம், ஒரு கேமரா போதும். பார்த்ததைக் கைப்பேசியிலேயே இ-பேர்டு தளத்தில் ஏற்றிவிடலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் ஏரியில் நின்று எண்ணலாம். அபூர்வமான பெயர் ஒன்றை ஏற்றினால் அந்தப் பகுதியைத் தெரிந்த ஒருவர் ஆதாரம் கேட்டு எழுதுவார். புதிதாக வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் கோபத்தைக் கிளப்பும். நான் பொய்யா சொல்கிறேன் என்று. பிரிஸ்டோவின் கதை தெரிந்தவர்களுக்குக் கோபம் வராது.

அந்தத் தளம் இன்னொரு கேள்வியும் கேட்கிறது. பார்த்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா, அல்லது சிலவற்றை மட்டுமா? எல்லாவற்றையும் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று கணக்கு. காக்கை, மைனாவைக்கூட விடாமல் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

போக நினைக்கிறவர்களுக்கு: திருவண்ணாமலையில் இருந்து விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நவம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. கானல் எழும் முன், காலையிலேயே சேற்றோரம் போய்விட வேண்டும். கொசு உள்ளான் கூட்டத்தில் ஒன்று மட்டும் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே சேற்றைத் துழாவினால், கிட்டே போய் விரட்டாமல் அது நேராகத் திரும்பும் வரை காத்திருங்கள். அலகில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலில் கொடி இருந்தால் அதன் நிறத்தையும் எழுத்தையும் படம் எடுங்கள். நேரத்தையும் இடத்தையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.